கீசர் பிறந்த ஊரில்

நம்ம ஊர் குளியலறைகளில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை டப்பா இருக்குமே, கீசர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘கெய்சிர்’. ஆங்கிலேயர்கள் அதை எடுத்து உலகத்தில் பீறிட்டு அடிக்கும் ஊற்றுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆக்கினார்கள். அப்புறம் தண்ணீர் சுடவைக்கும் டப்பாவுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். அது அப்படியே கப்பலேறி நாமக்கல்லில் எங்கள் வீடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

2025 ஜூனில் ஒரிஜினலைப் பார்க்கப் போனோம். நானும் என் அறைத்தோழியும். இருவரும் டென்மார்க்கில் படிக்கிறோம், கோபன்ஹேகனிலிருந்து மூன்று மணி நேர விமானம்தான். செமஸ்டர் முடிந்து கையில் கொஞ்சம் காசு மிச்சம் இருந்தது. "சுடுதண்ணி பாக்க இவ்வளவு செலவா?" என்று அம்மா போனில் கேட்டார். நியாயமான கேள்வி :-)

ஒரிஜினல் கெய்சிர் இப்போது அநேகமாகத் தூக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஸ்ட்ரோக்குர் என்று ஒன்று. சில நிமிடங்களுக்கு ஒருமுறை 15, 20 மீட்டர் உயரத்துக்கு அடிக்கிறது. விஷயம் நம்ம குக்கர் மாதிரிதான். ஆழத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகியும் மேலே இருக்கும் தண்ணீரின் பாரத்தால் கொதிக்க முடியாமல் கிடக்கிறது. ஒரு கட்டத்தில் பாரம் கொஞ்சம் விலகினால் போதும், ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி மீதித் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு மேலே கிளம்பும். கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் குட்டையின் நடுவில் நீலமாக ஒரு குமிழ் உப்பி நிற்கும் பாருங்கள், அதற்காகவே மூன்று முறை காத்திருந்து பார்த்தோம்.

ஆனால் பார்ப்பது வேறு, குளிப்பது வேறு. குளிக்க வேண்டுமென்றால் ‘ப்ளூ லகூன்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது இயற்கை ஊற்றே கிடையாது. ஸ்வார்ட்செங்கி என்ற புவிவெப்ப மின் நிலையம் 1970களில் வந்தது. அங்கே வெளியேறும் நீர் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே தேங்கி உண்டான குளம் அது. அதன் சிலிக்கா தோலுக்கு நல்லது, நிறமும் அழகுதான். ஆனால் மாணவர்களின் பர்ஸுக்கு நல்லதல்ல.

நாங்கள் போனது ரேய்க்யதாலுர். ‘புகைப் பள்ளத்தாக்கு’ என்று அர்த்தம். க்வேரகெர்தி என்ற சின்ன ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் மலையேற்றம். வழியெல்லாம் பூமி கொதிக்கிறது. சாம்பல் நிறச் சேறு ‘பொளக் பொளக்’ என்று கேழ்வரகுக் களி மாதிரி வேகிறது. பாதையை விட்டு இறங்காதே என்று பலகை. இறங்கிக் காலைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய. அழுகிய முட்டை நாற்றம் ஒரு பத்து நிமிடத்தில் பழகிவிடும், கவலை வேண்டாம்.

மேலே போனால் ஓர் ஆறு ஓடுகிறது. ஆறு முழுக்க வெந்நீர்! மலையிலிருந்து வரும் குளிர்ந்த ஓடையில் கொதிக்கும் ஊற்றுகள் கலப்பதால் இப்படி. மேலே போகப் போகச் சூடு அதிகம், கீழே வர வரக் குறைவு. அவரவருக்குப் பிடித்த இடத்தில் படுத்துக்கொள்ளலாம். உடை மாற்ற அறை கிடையாது, ஆளுக்கு ஒரு மரத்தடுப்பு, கதவில்லை. வெளியே பத்து டிகிரி, காற்று வேறு ஊசியாகக் குத்துகிறது. கழுத்து வரை தண்ணீரில் கிடந்தபோது என் தோழி மதுரைத் தமிழில் சொன்னது: "ஏ புள்ள, இனிமே என்னய எழுப்பாத."

இதைவிட எனக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. மறுநாள் ரெய்க்யவிக் நகரத்துப் பொது நீச்சல்குளம். அங்கே குளத்துக்குள் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். நீச்சலுடை இல்லாமல். திரை இல்லாத பொதுக் கூடத்தில். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று உடம்புப் படம் வரைந்து சிவப்புப் பூசி ஒட்டியிருக்கிறார்கள். குளோரின் குறைவாகப் போடுகிறார்கள், அதனால் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது காரணம்.

காரணம் புரிகிறது. கை நகர வேண்டுமே? வயசுக்கு வந்த நாளிலிருந்து என்னை என் அம்மாவே பார்த்ததில்லை. துணி மாற்றும்போது தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் லாக்கர் பக்கத்தில் நின்றேன். என்னைச் சுற்றி எழுபது வயதுப் பாட்டிகள், அறுவை சிகிச்சைத் தழும்போடு ஓர் அம்மா, பிரசவக் கோடுகள் வயிற்றில் தெரிய குழந்தைக்குத் தலை துவட்டும் ஒருத்தி. யாரும் யாரையும் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி நடிக்கவும் இல்லை. வானிலையைப் பற்றியோ என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். விளம்பரங்களிலும் சினிமாவிலும் பார்த்த உடம்பு ஒன்றுகூட அங்கே இல்லை. என் இடுப்புச் சதையைப் பற்றிப் பத்து வருடமாக நான் செய்துவந்த ஆராய்ச்சி அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. துண்டைக் கொக்கியில் மாட்டினேன். அவ்வளவுதான். (வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.)

வெளியே திறந்தவெளியில் சின்னச் சின்ன வட்டத் தொட்டிகள். ‘சூடான பானை’ என்றே அவற்றுக்குப் பெயர். 38 டிகிரி, 40 டிகிரி, 42 டிகிரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில் நடக்கும் அத்தனையும் அந்தப் பானைக்குள் நடக்கிறது, டீ மட்டும்தான் இல்லை.

அதே வட்டாரத்தில் பழைய சலவை ஊற்றுகளைப் பார்க்கலாம். குழாய் வராத காலத்தில் ரெய்க்யவிக் பெண்கள் அழுக்குத் துணி மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்து இங்கே வந்து துவைத்திருக்கிறார்கள். திரும்பும்போது ஈரத்துணி, பாரம் இரண்டு மடங்கு. குளிர்காலத்திலும்தான். கொதிக்கும் நீரில் விழுந்து செத்தவர்களும் உண்டு. விழாமல் இருக்க வளைவாக இரும்புக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள், இன்னும் இருக்கின்றன. 1930இல் இந்த இடத்து வெந்நீரைத்தான் முதன்முதலாகக் குழாயில் நகருக்குள் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தையும் சில வீடுகளையும் சூடாக்கினார்கள். இன்று நாட்டின் சுமார் 90 சதவீத வீடுகளுக்குப் பூமியின் சூடுதான். மற்ற நாட்டுக்காரர்கள் ஃபோட்டோ எடுக்கும் வெந்நீர் அவர்களுக்கு அடுப்படிச் சமாச்சாரம்.

கடைசி ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கெப்லவிக் என்ற ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தோம். ப்ளூ லகூனுக்குப் போகாதது பற்றிப் பேச்சு வந்தது. வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டு, அந்த மின் நிலையத்திலிருந்துதான் எங்கள் வீட்டுக்கும் வெந்நீர் வருகிறது என்றார். அப்புறம் 2024 பிப்ரவரியைப் பற்றிச் சொன்னார்.

அதற்கு முன்கதை இருக்கிறது. மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர் கிரிண்டவிக். 2023 நவம்பர் 10ஆம் தேதி இரவு நிலம் விடாமல் நடுங்க, சுமார் 3,800 பேரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜனவரியில் லாவா ஊருக்குள்ளேயே வந்து வீடுகளை எரித்தது. பிப்ரவரி 8ஆம் தேதி விடியற்காலையில் மறுபடி பூமி பிளந்தது. வழிந்து வந்த லாவா சாலையைத் தாண்டி, மின் நிலையத்திலிருந்து போகும் வெந்நீர்க் குழாயை உடைத்துவிட்டது. அந்தத் தீபகற்பத்தில் 20,000 பேருக்கு மேல் வெந்நீர் கிடையாது, வீட்டைச் சூடாக்க வழி கிடையாது. நடுக் குளிர்காலம்.

எல்லோரும் மின்சார ஹீட்டர் வாங்க ஓடியிருக்கிறார்கள். எல்லோரும் போட்டால் மின் இணைப்பு தாங்காது, சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அறிவிப்பு. இந்த அம்மா வீட்டில் ஒரே ஒரு ஹீட்டர். அதைப் படுக்கையறையில் வைத்துக் கதவிடுக்கில் போர்வையைத் திணித்துவிட்டு, அவரும் கணவரும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதே அறையில் தூங்கினார்களாம். அவசரமாக இணைத்த மாற்றுக் குழாயும் உடைந்துபோனது. சில நாட்கள் கழித்துத்தான் சரியானது. குழாயில் தண்ணீர் திரும்ப வந்தபோது முதலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பாத்திரம் கழுவினேன் என்றார்.

எரிமலைமேல் கோபம் வரவில்லையா என்று என் தோழி கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்வியே சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலை விமானம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்றோம். குளிப்பதானால் எப்போது வேண்டுமானாலும் குளியுங்கள், இங்கே தண்ணீர் எப்போதும் சூடாகவே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.