காலி இடமா அது?

எங்கள் நகருக்கு நடுவே பத்துக் கிரவுண்டு அளவில் ஓர் இடம் இருக்கிறது. பூங்கா என்று சொன்னால் ரொம்பப் பெருமையாகிவிடும். இருப்பது இரண்டு பெஞ்சு. அதில் ஒன்றுக்குக் கால் இல்லை. நாலு வேப்பமரம், ஒரு தூங்குமூஞ்சி மரம், மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்குக் கோரைப்புல், அவ்வளவுதான். ஆனால் விடியற்காலையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுற்றிச் சுற்றி நடப்பதும், சாயங்காலம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதும், ராத்திரி அடுப்படி வேலை முடிந்த பெண்கள் பத்து நிமிஷம் மூச்சு விட உட்காருவதும் அங்கேதான். முழங்கால் ஆபரேஷன் ஆன என் மாமியார் மறுபடி நடக்கப் பழகியதும் அங்கேதான். ரோட்டில் நடக்கலாமே என்பீர்கள். எங்கள் ரோட்டில் இரண்டு பக்கமும் கார், நடுவில் தண்ணி லாரி. எழுபத்தாறு வயதுக்காரரை நம்பி அனுப்ப முடியுமா, சொல்லுங்கள்!

2023-ல் ஒருநாள் பஜ்ஜி போட்டுவிட்டு, எண்ணெயை ஒற்றியெடுக்கப் பழைய பேப்பரை எடுத்தேன். அதில் பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு. எங்கள் ஏரியா பெயர் இருக்கவே, வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சர்வே நம்பரைப் பார்த்துவிட்டு, "அடியே, இது நம்ம கிரவுண்டு!" என்றார். பூங்கா என்றிருப்பதைக் குடியிருப்பு என்று மாற்றப் போகிறார்களாம். அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றனவாம். ஆட்சேபணை இருந்தால் 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமாம். அதில் எட்டு நாள் ஏற்கெனவே எண்ணெயோடு போய்விட்டது!

மாமனார் 1984-ல் மனை வாங்கியபோது கொடுத்த வரைபடம் இரும்புப் பெட்டியில் பாச்சை உருண்டை வாசனையோடு பத்திரமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால், நடுவே 'பூங்கா' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பெண்களாகிய நாம் பட்டுப்புடவையைப் பத்திரப்படுத்துகிற மாதிரி இந்த வரைபடத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது, ரோடு போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. இப்போதைய விதியில் 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனாலே இது பொருந்தும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாகப் பணமாகவும் கட்டலாம். அதற்கு மேல் என்றால் நிலமாகத்தான் விட வேண்டும். மனைப் பிரிவு போட்டவர் அதைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்கிறார். தானம் என்று பெயரே தவிர, அதன் விலையையும் நம் மனை விலையில் சேர்த்து வாங்கியிருப்பார்!

பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் திறந்த வெளிகளையும் காப்பாற்ற நம் மாநிலத்தில் 1959-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போன அந்த வழக்கில், கொடுத்தது செல்லாது என்று 1991-ல் தீர்ப்பாயிற்று. ஆஸ்பத்திரி நல்ல காரியம்தானே? இருந்தாலும் அது பூங்காவின் இடத்தில் வேண்டாம் என்றுதான் தீர்ப்பு. இதை மாடி வீட்டு வக்கீல் மாமா சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது மேற்கு மாம்பலம். அங்கே லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு. லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது! 1920-களில் அந்தப் பக்கத்து நீளமான ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். 2015 டிசம்பரில் என் அம்மா வீட்டில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர். 2021 நவம்பரில் மாம்பலமும் தி. நகரும் மறுபடி மிதந்தன. எங்கள் நகரில் பள்ளமான இடம் இந்தக் கிரவுண்டுதான். மழை பெய்தால் எல்லாத் தெருத் தண்ணீரும் அங்கே போய் இரண்டு நாள் நின்று மண்ணுக்குள் இறங்கும். 2019 கோடையில் ஊரே குடத்தோடு அலைந்தபோது கிரவுண்டை ஒட்டின மூன்று வீட்டுக் கிணறுகளில் மட்டும் தண்ணீர் இருந்தது. அங்கே கான்கிரீட் போட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? நம் வீட்டு ஹாலுக்குத்தான்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நான் மனு எழுதிக்கொண்டிருந்தபோது, வீட்டு வேலைக்கு வருகிறவள் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க காத்து வாங்க எடம் வேணும்ங்கறீங்க. நான் படுக்க எடம் கேக்கறேன். அந்த வீட்டுல கொஞ்சம் எங்கள மாதிரி ஜனங்களுக்கும் உண்டாமே?"

அது உண்மைதான். ஒரு பகுதி வீடுகள் ஏழைக் குடும்பங்களுக்கு என்று விசாரித்ததில் தெரிந்தது. இவள் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தவள். வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரம் ஆபத்து என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சுமார் 20,000 வீடுகள், அடுக்கடுக்காக. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லிச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை. அங்கிருந்து நாலரை மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அன்றைக்குச் சாயங்காலக் கூட்டத்தில் மனுவின் நகலைப் படித்தார்கள். மரம், மழை, வரைபடம் எல்லாம் சரி. ஐந்தாவது வரியில், 'கண்ட ஜனங்களும் குடிவந்து நகரின் அமைதி கெடும்' என்று ஒருவர் சேர்த்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கண்ட ஜனங்கள் வந்துதானே நம் வீட்டுப் பாத்திரம் சுத்தமாகிறது? அந்த வரியை அடித்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னேன். "ஒரு வரிக்காகவா மாமி தகராறு?" என்றார்கள். ஆமாம், ஒரு வரிக்காகத்தான். அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அடித்தார்கள். கோபித்துக்கொண்டு இரண்டு பேர் கையெழுத்துப் போடாமலே போனார்கள். போகட்டும்.

அடித்த இடத்தில் நான் வேறொன்று எழுதச் சொன்னேன். எங்கள் நகரிலிருந்து மூன்று தெரு தள்ளி பழைய அரசாங்க குவார்ட்டர்ஸ் இருக்கிறது. ஆட்களைக் காலி செய்து பல வருஷம் ஆகிறது. சுவரில் அரசமரம் முளைத்துவிட்டது. வீடு கட்ட வேண்டுமானால் அங்கே கட்டுங்கள், இன்னும் நாலு மாடி கூடவே கட்டுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று.

அறுபத்து மூன்று பெண்கள் கையெழுத்துப் போட்டோம். அவளிடமும் நீட்டினேன்.

"நான் போட மாட்டேன்க்கா. இது இல்லேன்னா அதுன்னு சொல்றீங்க. அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

நான் வற்புறுத்தவில்லை. அவள் சொல்வதில் தப்பு என்ன?

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "எல்லாரும் ஊருக்குள்ள வீடு வேணும்கறீங்க, கட்டப்போனா வேணாம்கறீங்க. எங்கதாம்மா கட்டறது?" என்று அதிகாரி சலித்துக்கொண்டார். தயாராகத்தான் போயிருந்தேன். குவார்ட்டர்ஸின் சர்வே நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்து, சிரித்துக்கொண்டே ஃபைலில் செருகினார். சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு விளங்கவில்லை.

2024-ல் ஒரு கடிதம் வந்தது. பூங்கா இடத்தை மாற்றும் யோசனை 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரி. குவார்ட்டர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரம் நின்றால் போதும் என்று எங்கள் நகரில் பலருக்கு ஆர்வம் அடங்கிவிட்டது. நான் மட்டும் குவார்ட்டர்ஸுக்கென்று தனியாக ஒரு மனு எழுதினேன். அதற்கு இதுவரை சேர்ந்த கையெழுத்து பதினெட்டு. மூன்றாவதாக இருப்பது அவளுடையது.