ஓர இருக்கை

உங்கள் அம்மா கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படம் எது? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில், மதுரையில் எங்கள் தெருவில் மாட்னி ஷோ என்றால் அது பெண்கள் சமாச்சாரம். மதியச் சமையலை முடித்துவிட்டு அம்மா, அத்தை, அறுபதைத் தாண்டிய அப்பத்தா எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். முறுக்கு டப்பாவோடு நானும். 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான இருக்கைகள். படம் விட்டதும் கூட்டத்தில் நான் தொலைந்துவிடாமல் இருக்க, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அந்தக் கூட்டம் ஒரே நாளில் கலையவில்லை. தூர்தர்ஷனின் ஞாயிறு சாயங்காலப் படம் அப்பத்தாவை வீட்டோடு உட்கார வைத்தது. 1993-ல் சன் டி.வி. வந்தது, பின்னாலேயே வந்த மெகா சீரியல்கள் அம்மாவை உட்கார வைத்தன. அப்புறம் மல்ட்டிபிளெக்ஸ், ஆன்லைன் புக்கிங். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய தியேட்டர்கள் நவம்பரில் திறந்தபோது, புதுப் படமே ஓ.டி.டி. வழியாக ஹாலுக்கு வர ஆரம்பித்திருந்தது. இளவட்டங்கள் தியேட்டருக்குத் திரும்பினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திரும்பவில்லை.

நான் பி.காம். படித்தவன். வராமல் போன கடன் என்றால் பேரேட்டில் எழுதிவைப்பார்கள். வராமல் போன வாடிக்கையாளரை எந்தப் பக்கத்திலும் எழுத மாட்டார்கள். அம்மா அப்படித்தான் கணக்கிலிருந்து விழுந்துபோனாள்.

பத்து வருடமாக, “முட்டி வலிய்யா, டி.வி.ல போடுறப்ப பாத்துக்கிறேன்” என்பாள். நானும் நம்பினேன். போன மாதம் விடாமல் கேட்டதும்தான் நிஜம் வந்தது. “இருட்டுல படி தெரியல. நடுவுல பாத்ரூம் போகணும்னா பத்துப் பேரை எந்திரிக்கச் சொல்லணும். உனக்கு எதுக்குய்யா சங்கடம்?”

அவ்வளவுதானா? அன்றே வாசலுக்குப் பக்கத்து வரிசையில் ஓர இருக்கை எடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

இடைவேளையில் விளக்கு வந்ததும் சுற்றிப் பார்த்தாள். “ஏய்யா, இங்க நான் ஒருத்திதான் கிழவியா?”

பார்த்தேன். எங்கள் வரிசையில் என் வயசுக்காரர்கள்கூட இல்லை.

படம் முடிந்து படியில் இறங்கும்போது அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது ‘முட்டி வலி’ இருக்கிறதா? இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.