கித்தாரும் தப்பும்

கூலாயில் அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஒரு கித்தார்க் கச்சேரியைக் குறித்துச் சென்ற ஞாயிறன்று சிறு தகராறு நேர்ந்தது. அதில் நமக்கும் பங்குண்டு. ஆகையால் வாசகர்களிடம் மறைப்பது யோக்கியமாகாது.

பாடப்போகிறவர்கள் தோட்டத்து லயங்களில் பிறந்த ஐந்து வாலிபர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டுமனையான பின்பு, விடியுமுன்னரே மோட்டார் சைக்கிளில் ஜோகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்பிப் பாடிப் பழகுகிறவர்கள். அவர்களுடைய முதல் பாட்டுத் தொகுதி முழுவதும் அழுகை. பால்மரம் போயிற்று, வீடு போயிற்று, கோயில் போயிற்று என்று பாடினார்கள். ஊரார் கண்ணீர் விட்டு மெச்சினார்கள். இப்பொழுது வெளியிட்டிருக்கும் இரண்டாவது தொகுதியோ சந்தோஷமயமானது. சம்பள நாள், காதல், பாலத்து நெரிசலில் மழையில் நனைந்தபடி அடிக்கும் கேலி, தங்கை பட்டம் வாங்கிய தினம் ஆகியவையே விஷயங்கள். போதாதற்குக் கித்தாரின் பக்கத்தில் தப்பையும் வைத்துவிட்டார்கள்.

மண்டபக் குழுவில் இரண்டு ஆட்சேபனைகள் கிளம்பின. கஷ்டப்பட்ட ஜனங்களுக்குக் கும்மாளம் எதற்கு என்றார் ஒருவர். "கித்தார் இருக்கட்டும், சாவு மேளத்தை மேடையில் ஏற்ற வேண்டாம்" என்றார் மற்றொருவர். முன்னதற்கு நாம் பதில் சொன்னோம். பின்னதற்கு வாய் மூடியிருந்தோம்.

ஏன் மூடினோம்? நம் இளமையில், லயத்தின் கடைசி வரிசையிலிருந்து தப்புச் சத்தம் கேட்டால் தாயார் கதவைச் சாத்துவார். அடிக்கிறவர் நம் தகப்பனாருக்கு அடுத்த நிரையில் மரம் சீவியவர். அதே கங்காணியிடம் அதே வசவு வாங்கியவர். ஆயினும் கதவு சாத்தப்பட்டது. கப்பலேறும்போது துணிமூட்டைக்குள் ஜாதியையும் சுருட்டி வைத்துக்கொண்டல்லவா நம்மவர் வந்தார்கள்!

அன்றிரவு சென்னைச் சங்கதியொன்று நினைவுக்கு வந்தது. மலேசியத் தமிழரை வைத்துக் 'கபாலி' (2016) படமெடுத்த பா. இரஞ்சித்தும், இசைவாணர் தென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்றொரு குழுவைத் திரட்டினார்கள். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 'சாதி பேதமற்ற தமிழர்' என்று எழுதிவந்தாரே, அதிலிருந்து வந்த பெயர் அது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கித்தாரும் பறையும் சட்டியும் ஒரே மேடையில் நின்றன. வடசென்னை இழவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்படும் கானா அங்கே ஆயிரக்கணக்கானவர் ஆடிக் கேட்கும் பாட்டாயிற்று. ஆண்களே பாடிவந்த அந்தக் கானாவை இசைவாணி என்ற பெண் பாடினார், 2020-ல் பி.பி.சி. தேர்ந்த நூறு பெண்களில் அவரும் ஒருவர். ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டிறைச்சியைப் பற்றியும் கோபமாகப் பாடிய அதே குழு, 'மகிழ்ச்சி' என்றும் பாடிற்று. 'கபாலி' பார்த்த நம் தோட்டத்துச் சிறுவர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒருவனைச் சதா அழச்சொல்லி ரசிப்பதும் ஒருவகை எஜமானத்தனமே. முதல் ஆட்சேபனைக்கு நாம் சொன்ன பதில் இதுதான். இரண்டாவதற்கும் பதில் இருக்கத்தான் செய்தது. பிடில் நம் பாட்டன் கண்ட வாத்தியமா? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி அதைக் கற்ற பிறகல்லவா சபை ஏறிற்று! வெள்ளைக்காரன் பிடிலுக்கும் கித்தாருக்கும் பாய் விரிக்கிறவர்கள் சொந்தத் தோலுக்கு மட்டும் தீட்டுக் கற்பிக்கிறார்கள். இதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. தாயார் சாத்திய கதவின் பின்னாலேயே இன்னும் உட்கார்ந்திருந்தோம் போலும்.

மறுநாள் பையன்கள் பழகும் இடத்துக்குப் போனோம். தப்படிக்கிறவன் அந்தக் கடைசி வரிசைக்காரரின் பேரன். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான். அவனுக்கு ஒரே கவலைதான். "ஐயா, தோல் காய்ச்ச மண்டபத்துக்குப் பின்னாலே கொஞ்சம் நெருப்பு மூட்டணும். விடுவாங்களா?" என்றான்.

புதன்கிழமை குழு மறுபடியும் கூடுகிறது. தப்புக்கும் நெருப்புக்கும் சேர்த்தே அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கீழே நம் கையெழுத்து இருக்கிறது.