பட்டு விட்டில்

விளக்கைக் கண்டால் விழுந்து மடிவதே விட்டிலின் தொழில் என்பது நம்மவர் எண்ணம். ஆதலால் வந்த விட்டில்களையெல்லாம் ஒரே தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிடுகிறோம். ஆயினும் அவற்றுள் ஒரு குலத்தைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். பெரும்பட்டு விட்டில்கள் என்பன அவை.

அக்குலத்தில் நம் நாடு உரிமை பாராட்டத்தக்க ஒன்றுண்டு. உலகறிந்த அட்லஸ் விட்டிலின் நெருங்கிய உறவான அது, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது. 1880களில் அதனை ஆராய்ந்த பிரடெரிக் மூர் என்ற ஆங்கிலேயர், யவனர் நம் தீவுக்கு வழங்கிய 'தப்ரபேன்' என்ற பெயரையே அதற்குச் சூட்டினார்.

சென்ற பள்ளி விடுமுறையில் கல்முனையிலிருந்து பதுளைக்கு உறவினர் வீடு சென்றிருந்தபோது அதனை நேரிலே கண்டோம். முன்விறாந்தைச் சுவரில், ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்குச் சிறகை விரித்து அமர்ந்திருந்தது. செங்காவி நிறம், சிறகின் நடுவே கண்ணாடி பதித்தாற்போல் ஒளி ஊடுருவும் முக்கோணங்கள், முன்சிறகின் நுனியிலோ பாம்பின் தலை!

"வாப்பா, பாம்புக்கு ஏன் சிறகு?" என்றாள் எம் இளைய மகள். அதற்குள் வீட்டுக்காரர் தும்புத்தடியுடன் வந்துவிட்டார். தடுத்து, விளக்கை அணைக்கச் சொன்னோம்.

காரணம் உண்டு. அந்த விட்டிலால் உண்ண முடியாது. புழுவாயிருந்த காலத்தில் தின்று சேர்த்ததே அதன் கைம்முதல். அது ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் ஆண் விட்டில், இறகு போன்ற தன் உணர்கொம்புகளால் பெண்ணின் மணத்தை வெகு தொலைவிலிருந்தே முகர்ந்து, இருளில் தேடிச் சென்றடைய வேண்டும். விளக்கடியில் மயங்கிக் கழியும் ஓர் இரவு அதற்குப் பெரும் நட்டம்.

இதன் உறவுகள் உலகெங்கும் உள்ளன. அவுஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் ஹெர்குலிஸ் விட்டில். மடகாஸ்கரில் நீண்ட வாலுடைய வால்வெள்ளி விட்டில். எமக்குப் பிடித்தது, நம் தீவிலும் உள்ள இளம்பச்சை நிலா விட்டிலே. அதன் வால் வெறும் அழகுக்கன்று. அமெரிக்க நிலா விட்டில்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வொன்று, சுழலும் வால் வௌவாலை ஏமாற்றித் தன்பால் இழுத்து உடலைக் காக்கிறது என்று காட்டியது.

பதுளையில் மகள் பொறுக்கிய வெறுங்கூடு ஒன்றை, மருதமுனையில் தறியோடே முதுமை கண்ட காக்கா ஒருவரிடம் காட்டினோம். இழுத்துப் பார்த்தார்.

"அறுந்து அறுந்து வருதே, தம்பி. பட்டெண்டு சொல்றீங்க!"

முசுக்கட்டை இலை தின்னும் பட்டுப்புழுவைக் கூட்டோடு அவித்தே அறாத இழை எடுக்கிறார்கள் என்றோம். அஸ்ஸாமிலோ ஆமணக்கிலை தின்னும் எரிப் பட்டுப்புழு, அட்லஸ் விட்டிலின் குலத்தது. விட்டில் பறந்துபோன கூட்டைப் பஞ்சு போல நூற்றுத் துணி நெய்கிறார்கள் என்பதையும் சொன்னோம். காக்கா கூட்டை மறுபடி வாங்கி, விரலிடையே உருட்டினார்.

"உசிரு போகாமலா? அப்ப இப்படி ஒரு கூடை கொண்டு வாங்க, நூற்றுப் பார்ப்பம்."