குறிபார்க்கும் கண்ணாடி

முதுமை மாந்தர்மாட்டுத் தன் வருகையைப் பெரும்பாலும் கண்ணின் வாயிலாகவே அறிவிக்கின்றது. நாற்பதாண்டு கடந்தவர் நூலைக் கைநீளத்திற்குத் தள்ளிப் பிடித்துப் படித்தலையும், இளையோர் அதனைக் கண்டு நகைத்தலையும் நாம் நாடோறும் காண்கின்றோம். ஆயின், அம்முதுமை ஒருவர் தம் உள்ளத்திற்கினிய ஒன்றனைக் கவர்ந்து செல்லுங்கால் அது நகைத்தற்குரியதன்று. என் மாமாவின் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றதொரு தொலைநோக்கிக் கண்ணாடியைத் தேடிய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணம். தமிழ் பயில்வார் எழுதற்குரிய பொருளோ இது என வினவுவாரும் உளராவர். வல்வில் ஓரியின் அம்பொன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தனையும் ஊடுருவிய திறத்தை வன்பரணர் பாடப் புறநானூற்றிற் படிக்கும் நாம், குறிபார்த்தலைப் பற்றிப் பேச நாணுவானேன்?

மாமா ஓய்வு பெற்ற ஆசிரியர், அகவை அறுபத்திரண்டு. மாலைதோறும் தென்னந்தோப்பின் மண்மேட்டருகே காகிதக் குறியொன்றை நாட்டி, இருபது மீட்டர் தொலைவினின்று சுடுதல் அவர்தம் ஒரே பொழுதுபோக்கு. மூச்சை அடக்குமாறும் விசையை மெல்ல அழுத்துமாறும் எனக்குக் கற்பித்தவர் அவரே. இரண்டாண்டுகளாக அவர் குண்டுகள் சிதறலாயின. நோய் யாதுமில்லை, அகவையே காரணம் என்றார் கண் மருத்துவர். துப்பாக்கியை யாருக்கேனும் கொடுத்துவிடப் போவதாக மாமா ஒருநாள் கூறினார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளையும் வாங்கும் பொருட்டு யான் சேர்த்து வைத்திருந்த ஆறாயிரம் ரூபாய் அன்றிரவு என் நினைவில் வந்து நின்றது.

முதுமைக் கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பகை யாதெனின், கூறுவேன். வெறுங்கண்ணால் குறிபார்ப்பவர், குழலின் பின்னுள்ள வெட்டு, முனையிலுள்ள முளை, தொலைவிலுள்ள குறி ஆகிய மூன்றனையும் ஒரு நேர்கோட்டில் நிறுத்தல் வேண்டும். இம்மூன்றும் வெவ்வேறு தொலைவில் உள்ளன. இளங்கண் ஒன்றினின்று மற்றொன்றிற்கு நொடியில் தாவும். முதிர்ந்த கண்ணுக்கு அது கூடாது. தொலைநோக்கிக் கண்ணாடியிலோ, குறியின் உருவமும் அதன்மேற் படிந்த குறுக்குக்கோடுகளும் ஒரே தளத்தில் தோன்றும். கண் ஒன்றனை மட்டும் நோக்கினாற் போதும். பெரிதாக்கிக் காட்டுதலினும் இதுவே அக்கருவியின் தலையாய பயன் என யான் கருதுகின்றேன்.

மாமா முதலில் இசைந்திலர். “2008இல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்திரா பொற்பதக்கம் வென்றது ஸ்கோப்பு வைத்தா?” என்று கேட்டார். உண்மையே. பத்து மீட்டர்ப் பந்தயத்தில் தொலைநோக்கிக்கு இடமில்லை. சிறு துளையின் வழியே நோக்கும் குறிகாட்டியையே அதில் ஆள்வர். அரை மில்லிமீட்டர் அகலமேயுள்ள நடுப்புள்ளியை அவர்கள் அங்ஙனமே சுடுகின்றனர். “பந்தயத்திற்குப் போகின்றவர்களுக்கு அந்த விதி, மாமா. நம் தோப்பிற்கு ஏது விதி?” என்றேன். அவர் மறுமொழி கூறாது முறுவலித்தார்.

நிற்க. எளியோர் கைக்கு இக்கருவி எட்டியது அண்மைக் காலத்திலேதான். அமெரிக்காவில் வீவர் என்னும் இளைஞர் 1930இல் பத்தொன்பது டாலருக்கு ஒரு தொலைநோக்கியை விற்கத் தொடங்கிய பின்னரே, அந்நாட்டுப் பொது வேட்டைக்காரரும் அதனை வாங்கலாயினர். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியது. ஆகவே எமக்கு வேண்டியது காகிதக் குறிக்குரிய கண்ணாடியே. இவ்வேறுபாடு சிறிதன்று. வேட்டையாடுவோர் வைகறையிலும் அந்தியிலும் மங்கிய ஒளியில் பார்ப்பவர். ஓடும் விலங்கு கண்ணாடிக்குள் அகப்படவேண்டும். எனவே அவர்க்குக் குறைந்த பெருக்கமும் அகன்ற காட்சியும் ஏற்றவை. நிலைத்த குறியைச் சுடுவார்க்கோ நுண்மையே பெரிது.

நகரத்துக் கடையொன்றில் மூன்று கண்ணாடிகளைக் காட்டினர். முதலாவதன்மேல் 4×32 என்று பொறித்திருந்தது, விலை ஆயிரத்தெண்ணூறு. முன்னெண் எத்துணை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதனையும், பின்னெண் முன்வில்லையின் விட்டம் எத்துணை மில்லிமீட்டர் என்பதனையும் குறிக்கும். பின்னதை முன்னதால் வகுக்கக் கிடைப்பது கண்ணை வந்தடையும் ஒளிவட்டத்தின் அகலம். இதில் அது 8 மில்லிமீட்டர். கண்மணிக்கு வேண்டியதினும் மிகுதி. மற்றை இரண்டும் 3-9×40. விலை முறையே மூவாயிரத்தைந்நூறும் ஐயாயிரத்திருநூறும். ஒன்பது மடங்காகப் பெருக்கினும் அவற்றில் 4.4 மில்லிமீட்டர் ஒளி எஞ்சும். பகலொளிக்கு அது போதும்.

தோற்றத்தில் ஒத்த இவ்விரண்டிற்கும் விலை வேறுபடுவானேன்? மூவாயிரத்தைந்நூற்றுக் கண்ணாடி நூறு கெஜத் தொலைவிற்கென அமைக்கப்பட்டது. கடையின் மேசைமேல் அதனை அசையாது வைத்து, எதிர்த்தெருப் பலகையின் எழுத்தொன்றை நோக்கித் தலையைச் சற்றே அசைத்தேன். குறுக்குக்கோடு எழுத்தைவிட்டு நழுவியது, எழுத்தும் மங்கலாயிருந்தது. சுடுகின்றவர் கன்னம் சிறிது விலகினும் குறி பிழைக்கும் என்பது இதன் பொருள். மூன்றாவதன் முன்வில்லையில் பத்து கெஜம் முதலாகத் தொலைவைத் திருத்தும் வளையம் உண்டு. அதனைத் திருப்பியதும் எழுத்து தெளிந்தது. கோடும் நிலைத்து நின்றது. மேலும், சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி சுடுங்கால் முதலிற் பின்னும் உடனே முன்னும் உதைக்கும். பின்னுதைப்பை மட்டும் தாங்கவல்ல விலையுயர்ந்த கண்ணாடியும் இதில் உடைதல் உண்டு. மூன்றாவது அத்தகைய துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்டது. விற்பவர் ஒன்பது மடங்கு என்பதனையே திரும்பத் திரும்பப் புகழ்ந்தார். யான் வளையத்திற்கும் உறுதிக்குமே விலை கொடுத்தேன். பொருத்தும் பிடிகளையும் சேர்த்து, ஆறாயிரத்தில் நூறு ரூபாய் எஞ்சியது.

கண்பக்கத்து வளையத்தை மாமா தம் கண்ணுக்கேற்பத் திருப்பியதும், கோடு மைபோற் கறுத்துத் தெரிகின்றது என்றார். முதற் குண்டுகள் மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்து பட்டன. திருகின் ஒவ்வொரு சொடுக்கும் இருபது மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே இருபது சொடுக்குகள் திருப்பினோம். அடுத்த ஐந்து குண்டுகளும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துள் அடங்கின. அவர் ஒன்றும் பேசிற்றிலர். புதிய காகிதம் ஒன்றை எடுத்துவரச் சொன்னார்.

இத்தகைய கருவி வாங்க விழையும் நண்பர்களுக்கு யான் கூறுவது இதுவே: பெருக்கத்தின் எண்ணைக் கண்டு மயங்காதீர், எத்தொலைவிற் சுடுவீர், எத்துப்பாக்கியிற் பொருத்துவீர், யாருடைய கண் நோக்கும் என்னும் மூன்றனையும் முதலில் வினவுமின். பேரகராதி நம் கல்லூரி நூல்நிலையத்தில் இருக்கின்றது. வேண்டும்பொழுது சென்று புரட்டலாம். மாமாவின் மாலைப் பொழுதுகளை எந்நூல்நிலையத்திலும் எடுத்து வைத்திலர்.