தேன்சிட்டுக்கு எந்த ஊர்?

"அப்பா, துபாய்ல ஸ்பிரிங் வருமா?" ஸ்கூலில் நான்கு பருவங்களைப் படித்துவிட்டு வந்த என் ஏழு வயது மகளின் கேள்வி. "இங்க வெயில், ரொம்ப வெயில், ரெண்டுதான்" என்று சிரித்தேன்.

ஆனாலும் மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கே ஸபீல் பார்க் போனோம். புல்தரையில் கொண்டலாத்தி ஒன்று நீண்ட அலகால் மண்ணைக் குத்திப் புழு தேடியது. பூச்செடியில் ஊதாத் தேன்சிட்டு. மற்ற மாதங்களில் மங்கலாகத் தெரியும் ஆண் சிட்டு, கூடு கட்டும் பருவத்தில்தான் இப்படி நீலமும் ஊதாவுமாக மின்னும். அமீரகத்தில் வசந்தத்துக்கு அதுதான் அடையாளம்.

"இது நம்ம ஊர்ப் பறவைடா. தாத்தா வீட்டு முருங்கையில நிறைய வரும்."

"இல்லப்பா, இது இங்கயே பொறந்தது. என்னை மாதிரி."

அவள் சொன்னது சரிதான். ஊதாத் தேன்சிட்டு வலசை வரும் பறவை இல்லை. தமிழ்நாட்டிலும் வாழ்கிறது, இங்கேயும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அவளுடைய விசா மட்டும் என் வேலையோடு கட்டப்பட்டது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது, கராமாவில் எங்கள் பில்டிங் வாசல் வேம்பில் மொட்டு விட்டிருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். இந்தச் சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு ஊரிலிருந்து வரும் காய்ந்த பூ வேண்டாம், இங்கே பூத்ததே போதும்.

நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. மே வந்துட்டா, காலை எட்டு மணிக்கே நிற்க முடியாது.