கண் திறவாக் கணினி

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனச் சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, எதனை எழுதுவது என்று யாம் சில நாள் தயங்கினோம். கல்லூரி அன்னையின் கீர்த்தியை எடுத்துரைக்க எம்மினும் வல்லார் பலர் உளர். விளையாட்டுக் களத்திலே வாகை சூடியவர்களும், விவாத மேடையிலே முழங்கியவர்களும் தத்தம் அனுபவங்களை எழுதுவர். யாமோ பந்தைத் துரத்திய நாள்களிலும் பந்தினால் துரத்தப்பட்ட நாள்களே அதிகம். ஆதலால், இம்மலர் பாதியாய்ப் போயிருக்கக்கூடிய ஒரு மாலைப் பொழுதின் கதையை எழுதத் துணிந்தோம். அது ஒரு கணினியின் கதை; ஒரு வகையிலே எமது கணித ஆசிரியரின் கதையும் ஆகும்.

சங்கத்தின் அறையிலே மேசைக் கணினி ஒன்று உண்டு. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அன்பளிப்புச் செய்தது. மலர்ப் பணி தொடங்கிய நாள் முதலாக யாம் அரிது என்று கருதிய அனைத்தையும் அதனுள்ளே இட்டு வந்தோம். பழைய மாணவர் பெயர்ப்பட்டியல், கறையான் தின்றது போக எஞ்சிய பழைய சஞ்சிகைகளின் படங்கள், உலகின் பல திசைகளிலிருந்தும் வந்த கட்டுரைகள் யாவும் அங்கேயே இருந்தன. இவை எல்லாவற்றிலும் அரியது ஓர் ஒலிப்பதிவு.

2022 ஆம் ஆண்டிலே நாடு எரிபொருளின்றித் தவித்ததை எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்நாள்களில் ஒரு மாலை, எமது கணித ஆசிரியரின் வீட்டு விறாந்தையிலே அமர்ந்து, அவர் கூறிய பழைய நினைவுகளைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்தோம். அப்போது அவர் தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்தார். மறு ஆண்டே அவர் சிவபதம் அடைந்தார். பதிவைக் கணினிக்கு மாற்றிய கையோடு, கைத்தொலைபேசியிலே இடம் போதாதென்று அங்கிருந்ததை அழித்தோம். இன்னொரு படி எடுத்து வைக்கவில்லை. 'நாளைக்குச் செய்வோம்' என்றோம். அந்த நாளை வரவேயில்லை.

கடந்த மாரிகாலத்தில் ஒரு மாலை. பெயர்ப்பட்டியலிலே புதிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். மேற்கே இடி முழங்கிற்று. மின்குமிழ் ஒருமுறை மங்கிற்று. மறுமுறை பளீரென ஒளிர்ந்தது. பின்னர் அறை முழுவதும் இருண்டது. கணினியின் விசிறி மெல்ல முனகி ஓய்ந்தது. யாம் கதவைப் பூட்டிக்கொண்டு வீடு சென்றோம். சுவரிலுள்ள ஆளியை நிறுத்தவும் இல்லை. செருகியைக் கழற்றவும் இல்லை.

மின் போவது நமக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டின் பின்னர்க் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெயும் பொன்போலாகிய அக்காலத்திலே, ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு, அந்த ஒளியிலே படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இம்மலரின் வாசகரிடையே பலர் உளர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட கதையையும் அவர்கள் கூறுவர். ஆயினும், அந்நாளிலே மின் போனால் ஒளி மட்டுமே போயிற்று. மேசையிற் கிடந்த கொப்பி மேசையிலேயே கிடந்தது. இன்றோ நமது கொப்பிகள் யாவும் மின்னுக்குள்ளே புகுந்துவிட்டன. இவ்வேறுபாட்டை யாம் மறுநாட் காலையிலேதான் உணர்ந்தோம்.

மின் மீண்டிருந்தது. கணினியின் பொத்தானை அழுத்தினோம். ஓர் ஒளியும் இல்லை. ஓர் ஒலியும் இல்லை. பலமுறை அழுத்தினோம். பிள்ளையாரை நினைந்தும் அழுத்தினோம். கணினி கண் திறக்கவில்லை. நெஞ்சு பதைத்தது. நகரிலே கணினி திருத்தும் அன்பர் ஒருவருடன் தொலைபேசியிற் பேசினோம். "பழைய கணினி ஐயா. வன்தட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டுத் தரலாம். கொண்டு வாருங்கள்" என்றார் அவர். துடைப்பது என்றால் என்னவென்று எமக்குத் தெளிவாகத் தெரியாது. கணினி இயங்கினாற் போதும் என்ற அவசரத்திலே, முச்சக்கர வண்டிக்கும் சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவ்வேளை, உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் பயிலும் மாணவர் ஒருவர், மலருக்கான மாணவர் பகுதியைத் தருவதற்காக அறைக்குள் வந்தார். எமது முகத்தைப் பார்த்தே செய்தியை அறிந்துகொண்டார்.

"ஐயா, இதற்குள்ளே இருப்பவற்றுக்கு வேறு படி உண்டா?"

"இல்லைத் தம்பி."

"அப்படியானால் இதனை எங்கும் கொண்டுபோக வேண்டாம். துடைத்தால் எல்லாம் போய்விடும். முதலில் வெளியிலிருந்து பார்த்து வருவோம்."

அவர் ஒரு கொப்பியை எடுத்தார். மேலே திகதியை இட்டார். கணினியைத் தொடுவதற்கு முன்னர்ச் சுவரைப் பார்த்தார். மேசை விளக்கைச் சுவரிலுள்ள குதையிற் பொருத்தினார், விளக்கு எரிந்தது. 'சுவர் சரி' என்று எழுதினார். பின்னர், கணினியும் திரையும் பொருத்தப்பட்டிருந்த நீட்டுப் பலகையிலே அதே விளக்கைப் பொருத்தினார், எரியவில்லை. பலகையை மூக்கருகே கொண்டுவந்தார். கருகிய மணம் வீசிற்று. முதற் பிழை அகப்பட்டது. மின் மீளும்போது வோல்ற்றளவு சில கணம் நிலைகொள்ளாது ஏறி இறங்குவதுண்டு என்றும், அதனைத் தாங்கமாட்டாது பலகை எரிந்திருக்கலாம் என்றும் விளக்கினார்.

அதன்பின் கணினியின் வடத்தைக் கழற்றிவிட்டு, அதன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் எஞ்சி நிற்கும் மின்னேற்றம் வடிந்துவிட வேண்டும் என்பது அதன் காரணம். பெட்டியைத் திறந்து தூசு தட்டினார். பல்லி முட்டை ஓடுகள் இரண்டும், எறும்புக் கூட்டம் ஒன்றும் வெளிப்பட்டன. நேரே சுவரிற் பொருத்தி ஆளியைப் போட்டார். விசிறி சுழன்றது. திரையும் ஒளிர்ந்தது. திரை இருண்டே இருந்திருந்தால், நினைவக அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனையை மெல்லிய அழிறப்பராலே துடைத்து, மீண்டும் பொருத்திப் பார்த்திருப்பாராம். அதற்கு அவசியம் நேரவில்லை.

ஆயினும் யாம் மகிழ்ந்தது அரைக் கணமே. தொடங்குதற்குரிய வட்டு எதுவும் காணப்படவில்லை என்று கரிய திரையிலே ஒரு வரி தோன்றிற்று. "வட்டு எரிந்துவிட்டதா தம்பி?" என்று கேட்ட எமது குரல் எமக்கே கேட்கவில்லை. மாணவரோ அவ்வரியைப் பார்க்கவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த திகதியை நோக்கினார். 2012 ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று அது காட்டிற்று.

"ஐயா, கணினி சாகவில்லை, மறந்துவிட்டது" என்றார்.

தாய்ப்பலகையிலே காசு வடிவான சிறு மின்கலம் ஒன்று உண்டு. அதன் பெயர் சி.ஆர். 2032. விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதையே அவ்வெண் குறிக்கின்றது. அது தருவது 3 வோல்ற்று. கணினிக்கு மின் வராத வேளையிலே, நேரத்தையும் அடிப்படை அமைப்புகளையும் காத்து நிற்பது இதன் கடமை. சுவரிலிருந்து மின் வரும்வரை இதற்கு வேலை குறைவு. ஆதலால் இது வலுவிழந்தாலும் எவரும் அறியார். மின் நெடுநேரம் நின்ற அன்றுதான் குற்றம் வெளிப்படும். எந்த வட்டிலிருந்து தொடங்குவது, அதனுடன் எம்முறையிலே தொடர்புகொள்வது என்பவற்றை மறந்து, கணினி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே திரும்பிவிடும்.

காரணம் தெரிந்தும் அவர் உடனே திருத்த முற்படவில்லை. வன்தட்டைக் கழற்றி, ஒரு வடத்தின் மூலம் தமது மடிக்கணினியோடு இணைத்து, அதிலிருந்தவை அனைத்தையும் முதலிற் படியெடுத்தார். அதற்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. முச்சக்கர வண்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினோம். படியெடுத்த பின்னரே, கடையிலிருந்து புதிய மின்கலம் வாங்கி வந்து பொருத்தினார், திகதியைத் திருத்தினார். பின்னர் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினார். ஒன்றை மாற்றுவார், கொப்பியிற் குறிப்பார், கணினியைத் தொடங்கிப் பார்ப்பார், பயனில்லையேல் அதனைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்வார். மூன்றாம் மாற்றத்திலே கணினி கண் திறந்தது.

அவர் செய்த ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்த எமக்கு, இதனை முன்னர் எங்கோ கண்டோம் என்ற நினைவு எழுந்தது. எமது கணித ஆசிரியர் கரும்பலகைக்கு முன்னே நின்று கூறுவார்: "விடை பிழைத்தால் தாளைக் கிழியாதே. முதல் வரிக்குப் போ. சரியான வரிகளைச் சரியென்று உறுதிசெய்துகொண்டு இறங்கி வா. பிழை தொடங்கும் இடத்தில் நில். ஒன்றைத் திருத்து, ஒன்றை மட்டும் திருத்து." தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளிலே தொடங்கும் மாணவனை அவர் மிகவும் கடிந்துகொள்வார். அப்படிக் கிழித்தவர்களில் யாமும் ஒருவர். அன்று காலை வன்தட்டைத் துடைக்க இசைந்ததும் அதே பழக்கமன்றி வேறென்ன?

"தம்பி, இந்த முறையை யார் கற்பித்தார்?" என்று கேட்டோம். தமது கணித ஆசிரியர் என்றார். அவ்வாசிரியர் எமக்குச் சில வகுப்புகள் கீழே பயின்றவர். அதே கரும்பலகைக்கு முன்னே அமர்ந்திருந்தவர்.

நட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. மின் நின்ற வேளையிலே திறந்திருந்த பெயர்ப்பட்டியற் கோப்பு சிதைந்து போயிற்று. பழைய படி ஒன்றை வைத்துக்கொண்டு, நாற்பது பெயர்களைக் கடிதங்களைப் பார்த்து மறுபடியும் பதிந்தோம். கடிதங்கள் இருந்தமையால் அது இயன்றது. ஒலிப்பதிவுக்கோ கடிதம் இல்லை.

அதனை அன்று மாலையே திறந்து கேட்டோம். ஆசிரியரின் குரல் பழுதின்றி இருந்தது. நடுவிலே ஓரிடத்தில் விசிறி நிற்கும் ஒலி கேட்கிறது. அன்றைய மின்வெட்டுத் தொடங்கிய நேரம் அது. "ஐயா, இருட்டிவிட்டது, இன்னொரு நாளைக்கு வரட்டுமா?" என்று யாம் கேட்கிறோம். "இருட்டிலே கணக்குத்தான் செய்ய முடியாது. கதைக்கலாமே. இரும்" என்கிறார் அவர். அதன்பின் ஒரு மணித்தியாலம் பேசுகிறார். அன்று யாம் எழுந்து போயிருந்தால் அந்த ஒரு மணித்தியாலமும் இல்லை. வன்தட்டைத் துடைத்திருந்தால் எதுவுமே இல்லை.

ஏடு அழியும் என்பதை நம் முன்னோர் நன்கறிவர். அதனாலேயே ஏட்டைப் படியெடுப்பதை ஒரு தொண்டாகக் கொண்டனர். 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்ட மாத்திரத்தே நொறுங்கும் ஏடுகளைக் கண்டு வருந்தி எழுதியதைத் தமிழுலகம் அறியும். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படி இருந்த நூலை மீண்டும் வாங்கலாம். படியில்லாத ஏட்டை எங்கே வாங்குவது? இவ்வளவும் அறிந்த நாம், மின்னேட்டுக்கு மட்டும் ஒரே படியை நம்பியிருந்தது பேதைமையே.

இப்போது சங்க அறையிலே சில ஒழுங்குகள் உள. இடி கேட்டால் கணினியை முறைப்படி நிறுத்திச் செருகியைக் கழற்றிவிடுகிறோம். மின் மீண்டதும் சில நிமிடம் பொறுத்தே ஆளியைப் போடுகிறோம். யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கியுள்ளோம், அது தரும் சில நிமிடங்கள் வேலையைத் தொடர்வதற்கன்று, சேமித்து நிறுத்துவதற்கே. அரியன யாவற்றுக்கும் மூன்று படிகள் உள: ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று கடல்கடந்து வாழும் அன்பர் ஒருவரிடத்தில். ஈழத்து நூல்களை 2005 ஆம் ஆண்டு முதல் மின்வடிவிலே பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கும் எம்மிடமுள்ள சஞ்சிகைப் படங்களை அளித்தல் வேண்டும் என்பது எமது விருப்பம்.

இம்மலரை ஏந்தியிருக்கும் அன்பரே, உமது வீட்டிலும் ஒரு பெரியவரின் குரலோ, ஒரு பழைய புகைப்படமோ ஒரே ஒரு பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே அதனைப் படியெடுத்து வையும். மாணவச் செல்வங்களே, உங்கள் பெரியவர்கள் அவசரத்திலே தாளைக் கிழிக்க முற்பட்டால், அம்மாணவரைப் போலக் கையைப் பிடித்துத் தடுங்கள். அது மரியாதைக் குறைவாகாது.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.